இருபத்து மூன்றாவது ஆள்



உதைபந்தாட்டப் போட்டியொன்றைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும்போது நாம் எதைப் பற்றிப் பேசிக்கொண்டு வருகிறோம்? கோல் அடித்தவனைப் புகழ்கிறோம். அடிக்கத் தவறியவனை நினைத்து இரங்குகிறோம். பாய்ந்து பந்தைப் பிடித்த காப்பாளனை மெச்சுகிறோம். மைதானத்திலே பக்கத்துக்கு 11 பேராக 22 பேர் ஆடினார்கள். அவர்களோடு தாமும் ஓடிக் களைத்த 23ஆவது ஆள் ஒருவர் இருந்தார். அவரை நாம் நினைப்பதில்லை. நினைத்தாலும் ஏசுவதற்காகவே நினைக்கிறோம். அந்த மத்தியஸ்தரைப் பற்றியும், அப்பணியிலே புதிதாக இறங்க விரும்பும் மாணவனோ மாணவியோ எவ்வாறு தொடங்கவேண்டும் என்பது பற்றியும் இன்று சில கூற விரும்புகிறேன்.

மத்தியஸ்தர் என்ற வடசொல்லும் நடுவர் என்ற தமிழ்ச் சொல்லும் ஒரே பொருளை உடையன. நடுவிலே நிற்பவர் என்பதே அது. ஆயினும் இவ்வாட்டத்தின் தொடக்க காலத்தில் அவர் நடுவிலே நிற்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில், ஆட்டத்தில் எழுந்த பிணக்குகளை அணித்தலைவர்களே தம்முள் பேசித் தீர்த்தனர். பின்னர் அணிக்கு ஒருவராக அம்பயர்மார் இருவர் வந்தனர். அவ்விருவரும் ஒத்துப்போகாதபோது முறையிடுவதற்கென்று மூன்றாமவர் ஒருவர் கோட்டுக்கு வெளியே நின்றார். முறையீட்டைக் கேட்பவர் என்ற பொருளிலேயே அவருக்கு ‘ரெஃபரி’ என்ற ஆங்கிலப் பெயர் அமைந்தது. 1891ஆம் ஆண்டின் விதி மாற்றத்தினாலேதான் அவர் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தார். எவரும் முறையிடாமலே தீர்ப்புக் கூறும் அதிகாரம் அதன் பின்னரே அவருக்குக் கிடைத்தது. அம்பயர்மார் கோட்டருகே கொடி பிடிப்பவர்களாயினர். 1996 முதல் அவர்களை உதவி மத்தியஸ்தர் என அழைக்கின்றனர்.

மத்தியஸ்தராக விரும்பும் இளைஞன் முதலிலே வாங்கவேண்டியது விசிலன்று. முதலிலே படிக்கவேண்டியது விதிநூல். ஆட்டவிதிகள் 17 மட்டுமே. 1886இல் தோன்றிய சர்வதேச உதைபந்தாட்டச் சங்கச் சபை அவற்றைப் பேணி வருகிறது. ஆண்டுதோறும் ஆராய்ந்து, வேண்டிய திருத்தங்களைச் செய்கிறது. ஆகவே அண்ணன் படித்த பழைய நூல் தம்பிக்குப் போதாது. பலகாலம் விளையாடியவனுக்கு விதிகள் தாமாகவே தெரிந்துவிடும் என்பது பெருந்தவறு. விளையாடியவனுக்குத் தெரிந்தவை பெரும்பாலும் செவிவழி வந்த விதிகளே. ஓஃப்சைட் விதியை நம்மில் எத்தனை பேர் முழுமையாக அறிவோம்? எதிரணியின் காவலரைக் கடந்து நிற்பது மட்டுமே குற்றமாகாது. அங்கு நின்று ஆட்டத்தில் ஈடுபடும்போதே அது குற்றமாகிறது. அன்றியும், கோல் உதை, மூலை உதை, பக்கக் கோட்டிலிருந்து கைகளால் எறிதல் ஆகிய மூன்றிலிருந்தும் பந்தை நேரே பெறுபவனுக்கு ஓஃப்சைட் குற்றமே இல்லை. இதனைச் சற்றே நினைவில் வைத்திருங்கள். பின்னர் இதனிடம் திரும்பி வருவேன்.

விதிநூலைப் படித்தவன், சங்கங்கள் நடத்தும் பயிற்சி வகுப்பிலே சேர்ந்து தேர்விலே தேறவேண்டும். இங்கிலாந்தில் 14 வயதிலேயே இப்பயிற்சியைத் தொடங்கலாம். ஆனால் அவ்வயதினர் தம்மினும் இளைய சிறுவரின் போட்டிகளுக்கே மத்தியஸ்தம் செய்யலாம் என்பது அங்குள்ள முறை. நல்ல முறையே அது. தன் வயதினரை அடக்கியாள்வது எவனுக்கும் கடினம். 10 வயதுப் பிள்ளைகளின் ஆட்டத்திலே அவனுக்கும் தவறவும் திருந்தவும் இடமுண்டு. சிறுவர் ஆட்டத்திலே மைதானத்தின் அளவு, பந்தின் பருமன், ஆடும் நேரம் ஆகியவற்றை மாற்றிக்கொள்ள விதிநூலே இடமளிக்கிறது. ஆதலால் தன் போட்டிக்குரிய மாற்றங்கள் எவை என்பதை முன்கூட்டியே கேட்டறிந்து செல்லவேண்டும்.

அவன் பையிலே இருக்கவேண்டியவை சிலவே. விசில் இரண்டு, கைக்கடிகாரம், நாணயம், குறிப்புப் புத்தகம், பென்சில், மஞ்சள் சிவப்பு அட்டைகள். விசில் இரண்டு எதற்கெனில், ஒன்று பழுதானால் ஆட்டம் நின்றுவிடலாகாது. அவ்விசிலுக்கும் ஒரு மொழி உண்டு. சிறு பிழைக்குச் சிறிதாகவும், பெரும் பிழைக்கு உரத்தும் ஊதவேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரேவிதமாக ஊதுபவனுடைய விசிலுக்குச் சிறிது நேரத்தில் எவரும் செவிசாய்க்கமாட்டார்கள். தயங்கி ஊதிய விசில் தயக்கத்தையே அறிவிக்கும். அவன் நிற்கும் இடமும் முக்கியமானது. மைதானத்தின் ஒரு மூலைப்புறமிருந்து எதிர்மூலைப்புறமாகக் குறுக்கே ஓடினால், ஆட்டம் தனக்கும் உதவி மத்தியஸ்தருக்கும் இடையிலே அமையும். இருவர் கண்கள் ஒரே நிகழ்ச்சியை இருபுறமிருந்து காணும். அருகிலே நின்று பார்த்தவனின் தீர்ப்பை மறுப்பவர் குறைவு.

மிகக் கடினமான பாடம் ஊதாதிருப்பது. ஒருவன் இடறப்பட்டான், ஆனால் பந்து அவன் நண்பனிடம் சென்று, அவன் கோலை நோக்கி ஓடுகிறான். அப்போது ஊதினால் குற்றம் செய்தவனுக்கே நன்மை செய்தவராவோம். கைகளை முன்னே நீட்டி, ஆட்டம் தொடரட்டும் எனக் காட்டி, ஓரிரு கணம் பொறுக்கவேண்டும். எதிர்பார்த்த நன்மை கிட்டவில்லையெனில் அப்போது ஊதலாம். அதுபோலவே, தன் தீர்ப்பு தவறென உணர்ந்தால், ஆட்டம் மறுபடி தொடங்குமுன் அதனைத் திருத்தும் உரிமையும் அவனுக்கு உண்டு. திருத்துவது இழிவன்று. பிறர் கூச்சலிட்டதற்காகத் திருத்துவதே இழிவு.

இவையெல்லாம் கற்பிக்கக்கூடியவை. கற்பிக்க முடியாத ஒன்று உண்டு. அதனை நான் கற்றுக்கொண்ட கதையைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பாடசாலையின் 14 வயதுக்குட்பட்ட அணி அயற்பாடசாலை அணியோடு ஆடியது. வரவேண்டிய மத்தியஸ்தர் வரவில்லை. எங்கள் மேல்வகுப்பு மாணவன் ஒருவன், 17 வயதினன், விதிநூலைக் கருத்தூன்றிப் படித்தவன், இரு பக்கத்து ஆசிரியர்களும் இசைந்ததால் விசிலை ஏற்றான். ஆட்டம் முடியும் தறுவாயிலே எதிரணிச் சிறுவன் ஒருவன் பக்கக் கோட்டிலிருந்து பந்தை எறிந்தான். எங்கள் காவலரைக் கடந்து தனியே நின்ற மற்றொருவன் அதனைப் பெற்றுக் கோலாக்கினான். மைதானத்தைச் சுற்றி “ஓஃப்சைட், ஓஃப்சைட்” என்ற கூக்குரல் எழுந்தது. அதிபராகிய நானும், “தம்பி, அது ஓஃப்சைட் அல்லவா?” என்று உரத்துக் கேட்டுவிட்டேன். அவன் ஒரு கணம் என்னைப் பார்த்தான். பின் மைதானத்தின் நடுவைக் கையால் காட்டினான். கோல் செல்லும் என்பது அதன் பொருள். நாங்கள் அந்த ஒரு கோலினால் தோற்றோம். ஆட்டம் முடிந்ததும் பெற்றோர் சிலர் அவனைச் சூழ்ந்துகொண்டு, “நீ எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை?” என்று கேட்டனர். நான் அருகிலே நின்றேன், வாய் திறக்கவில்லை.

திங்கட்கிழமை காலை அவன் என் மேசைமீது விசிலை வைத்தான்.

“ஏன் தம்பி?” என்றேன்.

“நான் பிழையாக ஊதவில்லை, சேர். ஆனால் நீங்களும் பிழை என்று சொன்னீர்கள்.”

அவன் சென்றபின் விதிநூலை எடுத்துப் பார்த்தேன். கைகளால் எறிந்த பந்தை நேரே பெற்றவனுக்கு ஓஃப்சைட் இல்லை. மைதானத்திலே நின்ற அத்தனை பேரிலும் சரியாக அறிந்திருந்தவன் அவன் ஒருவனே. வழக்கென்று வந்தபோது தன் மகன் என்றும் பாராது நீதி வழங்கிய எல்லாளனின் கதையை வகுப்பறையிலே எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்தவன் நான். தன் பாடசாலை என்றும் பாராது நீதி வழங்கிய பிள்ளை கண்முன்னே நின்றபோது அவனைக் கைவிட்டவனும் நானே. அடுத்த நாட் காலைக்கூட்டத்தில் மாணவர் அனைவர் முன்னிலையிலும் என் பிழையை ஒப்புக்கொண்டேன். அவன் உடனே விசிலைத் திரும்பப் பெறவில்லை. ஒரு தவணை கழிந்தபின்னரே வந்து கேட்டான்.

ஆசிரியர்களுக்கு இத்துறையிலே பெரும் பங்குண்டு. 1938இல் ஆட்டவிதிகளைத் தெளிவுபடத் திருத்தி எழுதியவரும், 1961 முதல் 1974 வரை உலக உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவருமான ஸ்டான்லி ரவுஸ் முன்னர் பள்ளி ஆசிரியர். 1934இல் இங்கிலாந்துச் சங்கக் கிண்ண இறுதிப் போட்டிக்கு மத்தியஸ்தம் செய்தவர். மஞ்சள், சிவப்பு அட்டைகளைக் கண்டவராகிய கென் ஆஸ்டனும் பள்ளி ஆசிரியரே. 1966ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்தும் ஆர்ஜென்டீனாவும் மோதிய ஆட்டத்திலே, மத்தியஸ்தரின் மொழி ஆட்டக்காரருக்கு விளங்காமற் பெருங் குழப்பம் விளைந்தது. அதன்பின் இலண்டன் வீதியிலே வாகனம் ஓட்டிச் சென்ற ஆஸ்டன், போக்குவரத்து விளக்கின் நிறங்களைக் கண்டு அவ்வெண்ணத்தைப் பெற்றார். 1970இல் மெக்சிக்கோவில் அட்டைகள் நடைமுறைக்கு வந்தன. எம்மொழி பேசுபவனுக்கும் விளங்கும் எச்சரிக்கை அது.

ஆட்டக்காரனை எச்சரிக்க அட்டை உண்டு. கோட்டுக்கு வெளியே நின்று கூச்சலிடும் நம்மைப் பதினேழு வயதுப் பிள்ளை எந்த அட்டையைக் காட்டி அடக்குவான்? நமக்கு நாமே அட்டை காட்டிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. வள்ளுவர் நடுவு நிலைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அதனை மனனம் செய்யும் நம் பிள்ளைகளுக்கு, அதனைப் பயிலுவதற்கு ஒரு மைதானமும் வேண்டும். அடுத்த முறை சிறுவர் போட்டியொன்றைக் காணச் செல்லும்போது, விசில் ஏந்திய இளைஞனைச் சற்றே கவனியுங்கள். அவன் தீர்ப்பு உங்களுக்குப் பிழையெனத் தோன்றினால் வீட்டுக்கு வந்து விதிநூலைப் பாருங்கள். ஆட்டம் முடிந்ததும் அவனிடம் சென்று, “நன்றாகச் செய்தாய், தம்பி” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் அன்று சொல்லத் தவறிய வார்த்தை அது.