கோழியும் குஞ்சும் வடபழனி வெக்கையும்

வடபழனி முருகன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில், பல கடை வாசல்களில் ஒரு சோற்றுக்கற்றாழை தலைகீழாகத் தொங்கும். திருஷ்டிக்குக் கட்டியது. மண் கிடையாது, யாரும் தண்ணீர் ஊற்றுவதும் கிடையாது. ஆனாலும் மாதக்கணக்கில் சாகாது. மடல் நுனிகள் மெல்ல மேல்நோக்கி வளைந்து வெளிச்சத்தைத் தேடும். அதே தெருவில் ஒரு ஃபிளாட் பால்கனியில், ஊட்டியிலிருந்து ஆசையாக வாங்கிவந்து, பீங்கான் கிண்ணத்தில் வைத்துத் தினமும் தண்ணீர் தெளித்த 'ஹென் அண்ட் சிக்ஸ்' செடி சில வாரங்களில் கூழாகிவிடும்.

நடுவில் ரோஜாப்பூ அடுக்கில் ஒரு பெரிய செடி, அதைச் சுற்றிக் குட்டிக் குட்டியாக அதே அச்சில் பல செடிகள். கோழியும் குஞ்சுகளும் என்று பெயர் வந்தது அதனால்தான். அசல் கோழி செம்பர்விவம். ஐரோப்பிய மலைகளின் பாறை இடுக்கில், பனியில் பிழைக்கும் செடி. கூரையில் இருந்தால் இடி விழாது என்பது அங்கே பழைய நம்பிக்கை. தோட்டக்காரர் தன் வீட்டின் மேல் இதை வளர்க்கவேண்டும் என்று சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் சார்லமேன் அரசரின் ஆணையிலேயே இருக்கிறது. அவர்களுக்கு இடி, நமக்குத் திருஷ்டி. நம் ஊர் நர்சரிகளில் இதே பெயரில் கிடைப்பது பெரும்பாலும் இதன் உறவுக்காரச் செடியான எக்கெவேரியா, மெக்சிகோக்காரி. வெயிலைச் செம்பர்விவத்தைவிடக் கொஞ்சம் தாங்குவாள்.

"சென்னை வெயிலுக்குச் செடி வராது" என்று எல்லோரும் வெயிலைத்தான் திட்டுகிறோம். வெயிலைவிடப் பெரிய வில்லன் இரவு. இந்தச் செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். இரவு குளிர்ந்ததும் திறந்து, கரியமில வாயுவை உள்ளே இழுத்துப் புளிப்பு அமிலமாகச் சேமிக்கும். மறுநாள் வெயிலில் அந்த அமிலத்தைச் செலவழித்து உணவு தயாரிக்கும். மே மாதச் சென்னையில் நள்ளிரவிலும் 28 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் உண்டு. கூடவே கடல் ஈரம். மலைச்செடிக்கு இரவு வேலை சரியாக நடக்காது. பலவீனப்பட்ட வேரை ஈர மண்ணில் பூஞ்சை பிடித்துக்கொள்ளும்.

இந்த இரவு வேலையை நாக்கால் கண்டுபிடித்தவர் நம் பக்கத்துக்காரர் என்றே சொல்லலாம். பெஞ்சமின் ஹெய்ன், தரங்கம்பாடிக்கு மொரேவியன் மிஷனரியாக வந்து, பிறகு சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக ஆனவர். ரணகள்ளி இலையை மென்று பார்த்திருக்கிறார். காலையில் புளித்தது, நண்பகலில் சுவையே இல்லை, மாலையில் லேசாகக் கசந்தது. 1813-ல் இதைக் கடிதமாக எழுதினார்; லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் அது 1815-ல் அச்சானது. 1819-ல் சென்னையிலேயே இறந்தார். ரணகள்ளி, எக்கெவேரியா, செம்பர்விவம் மூன்றும் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்தின் பெயராலேயே இந்த அமிலக் கணக்கை இன்றும் விஞ்ஞானிகள் அழைக்கிறார்கள்.

ஆசைப்பட்டாயிற்று, வளர்த்தே தீரவேண்டும் என்பவர்கள் செம்பர்விவத்தை விட்டுவிட்டு எக்கெவேரியாவை எடுங்கள். பீங்கானும் கண்ணாடிக் கிண்ணமும் வேண்டாம். அடியில் ஓட்டையுள்ள, அகலமான, ஆழமில்லாத மண்தொட்டி போதும். செம்மண் ஒரு பங்கு என்றால் பருமணலும் பொடித்த செங்கல் துண்டும் சேர்ந்து இரண்டு பங்கு. மண்புழு உரம் ஒரு கைப்பிடி, அதற்கு மேல் வேண்டாம். நர்சரியிலிருந்து வரும் செடி பெரும்பாலும் கோகோபீட்டில் இருக்கும். மலையில் அது சரி. வடபழனியில் அது நனைந்த ஸ்பாஞ்ச். வாங்கி வந்ததும் வேரை உதறி மண் மாற்றுவதுதான் முதல் வேலை.

கிழக்குப் பார்த்த பால்கனி என்றால் அதிர்ஷ்டம். காலை வெயில் ஒன்பதரை, பத்து மணி வரை பட்டால் போதும். மேற்குப் பார்த்த பால்கனியில் மார்ச் பிறந்ததும் பச்சை வலை கட்டிவிடுங்கள். வெளிச்சம் போதாவிட்டால் அடுக்கு குலைந்து, தண்டு நீண்டு, செடி கழுத்தை நீட்டிப் பார்க்கும். விரலை மண்ணுக்குள் விட்டு, அடிவரை காய்ந்த பிறகே தண்ணீர். அதையும் இலைமேல் தெளிக்காமல் மண்ணில், மாலையில். அடுக்கின் நடுவே தேங்கும் தண்ணீர்தான் அழுகலின் ஆரம்பம். நமக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். ஐப்பசி பிறக்கும் முன்பே தொட்டி கூரைக்கு அடியில் போய்விடவேண்டும். தைக் குளிரில் செடி தெளியும். குஞ்சு பிரிக்க அதுதான் காலம்.

தாயோடு குஞ்சை இணைக்கும் தண்டை, குஞ்சுக்குச் சொந்த வேர் இறங்கிய பிறகு நறுக்கலாம். வெட்டுவாய் காய இரண்டு மூன்று நாள் நிழலில் வைத்து, உலர்ந்த மண்ணில் நட்டு, ஒரு வாரம் கழித்துத் தண்ணீர். எக்கெவேரியாவில் அடியோடு கழற்றிய ஓர் இலையை மண்மேல் போட்டாலும் குட்டி வரும். செம்பர்விவத்தில் அந்த வித்தை பெரும்பாலும் பலிக்காது. இன்னொரு வித்தியாசமும் உண்டு: செம்பர்விவத்தில் பூத்த அடுக்கு குலைபோட்ட வாழைபோலச் செத்துவிடும், குஞ்சுகள் தொடரும், எக்கெவேரியா பூத்தபிறகும் இருக்கும்.

என்னைக் கேட்டால், இவ்வளவு சீராட்டுவதற்குப் பதில் ஹவொர்த்தியா வாங்குவேன். கற்றாழைக்குத் தங்கை மாதிரி இருக்கும், நிழலிலேயே வளரும், கேட்காமலே குஞ்சு பொரிக்கும். மாவுப்பூச்சி மட்டும் இலை இடுக்கில் வெள்ளையாக வந்து உட்காரும். வேப்பெண்ணெயில் நனைத்த பஞ்சால் துடைத்தால் போய்விடும்.

குஞ்சுகளின் எண்ணிக்கைதான் முக்கியம் என்பவர்களுக்கு ரணகள்ளியின் பங்காளி ஒன்று இருக்கிறது. இலை ஓரம் முழுக்கப் பொத்தான் அளவுக் குட்டிகள், வேரோடு தயாராக வரிசைகட்டி நிற்கும்; காற்று அடித்தால் உதிரும், உதிர்ந்த இடத்தில் முளைக்கும். மாடு, ஆடு தின்றால் விஷம் என்பதால் தெருவில் கொட்டக்கூடாது. கீழ்வீட்டு மாமியின் துளசித் தொட்டியிலும் முளைக்கும். முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைத்துவிடுங்கள்.