உங்களுக்குத் தெரியுமா? டிஸ்க் இருக்கிறது, கணினிக்குத்தான் தெரியவில்லை!

கணினியைப் போட்டதும் "டிஸ்க் இல்லை" என்று திரையில் வந்தால் யாருக்கும் நெஞ்சு திக்கென்றுதான் இருக்கும். உள்ளே காணி உறுதியின் ஸ்கேன், சாமத்தியவீட்டுப் படங்கள், பிள்ளையின் ஏ/எல் குறிப்புகள் எல்லாம் கிடக்கும். 1990இல் போரால் கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு இடம்பெயர்ந்து, படங்களையும் பத்திரங்களையும் ஒருமுறை பறிகொடுத்த தெல்லிப்பழைக்கு இந்தப் பயம் இன்னும் கூட. ஆனால் டிஸ்க்குக்கும் இயங்குதளத்துக்கும் நடுவே டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் அடாப்டர், அதை ஆளும் மென்பொருளான ட்ரைவர், கேபிள் என்று மூன்று இருக்கின்றன. டிஸ்க்கின் தலையில் பழியைப் போடுமுன் இந்த மூன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ட்ரைவரின் வேலை

ஒரு படத்தைத் திறக்கிறீர்கள். அது டிஸ்க்கின் எத்தனையாம் கட்டத்தில் இருக்கிறது என்பதை இயங்குதளம் கணக்கிடுகிறது. ட்ரைவர் அந்தக் கட்டத்தைப் படிக்கும் கட்டளையை நினைவகத்தில் எழுதிவைத்து அடாப்டருக்கு அறிவிக்கிறது. அடாப்டர் தரவை எடுத்து நேராக நினைவகத்தில் போட்டுவிட்டு, "முடிந்தது" என்று சிபியுவுக்குக் குறுக்கீட்டுச் சைகை அனுப்புகிறது. "டைம்அவுட்" என்று பிழைச்செய்தி வந்தால், அந்த "முடிந்தது" உரிய நேரத்தில் வரவில்லை என்றே பொருள். டிஸ்க் செத்துப்போனது என்று அது சொல்லவில்லை.

ஒரு தொன் பெட்டியில் ஏழு படம்

1956இல் ஐபிஎம் வெளியிட்ட ராமாக் கணினியின் டிஸ்க் பெட்டி ஏறத்தாழ ஒரு தொன் எடை. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் அதில் சுழன்றன. கொள்ளளவு 50 இலட்சம் எழுத்துகள், இன்றைய கணக்கில் 3.75 மெகாபைட். சிடி ஸ்கேனின் ஒரு குறுக்குவெட்டுப் படம் அரை மெகாபைட் பிடிக்கும். அப்படிப் பார்த்தால் அந்தப் பெட்டிக்குள் ஏழு படம்தான் அடங்கும். ஒரு நோயாளியை ஒருமுறை ஸ்கேன் செய்தாலே நூற்றுக்கணக்கில் படங்கள் வரும். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்து பணம் திரட்டித் தெல்லிப்பழையில் கட்டிய புற்றுநோய் வைத்தியசாலை போன்ற இடங்களில் சேமிப்பு என்பது சிகிச்சையின் ஒரு பகுதி.

ஏழாம் எண்ணுக்கு முதலிடம்

ஷுகார்ட் அசோசியேட்ஸ் என்ற கொம்பனி வகுத்த இணைப்புமுறை 1986இல் ஸ்கசி என்ற பெயரில் தரமாக்கப்பட்டது. ஒரே கேபிளில் 0 முதல் 7 வரை எட்டு முகவரிகள். எல்லாம் ஒரே நேரத்தில் பேச முயன்றால் 7க்கே முன்னுரிமை. அதனால்தான் அடாப்டருக்கு வழக்கமாக 7ஐக் கொடுத்தார்கள். இரண்டு சாதனங்களுக்கு ஒரே எண் விழுந்தாலோ, கேபிளின் இரு முனைகளிலும் டெர்மினேட்டர் இல்லாவிட்டாலோ டிஸ்க் ஒருநாள் தெரியும், மறுநாள் தெரியாது.

330, 11, 5

1990களில் லினக்ஸ் போட்டவர்களுக்கு இந்த மூன்று எண்களும் மனப்பாடம். அடாப்டெக் 1542 அட்டையின் போர்ட் முகவரி 330, குறுக்கீட்டு எண் 11, தரவு நேராக நினைவகத்துக்குப் போகும் டிஎம்ஏ வழி 5. அட்டையிலுள்ள சின்னஞ்சிறு ஜம்பர்களை நகர்த்தி இவற்றை அமைக்க வேண்டும். சவுண்ட் கார்டோ நெட்வேர்க் கார்டோ அதே எண்ணைப் பிடித்திருந்தால் கணினி அப்படியே உறைந்துவிடும். இந்த அட்டை பழைய ஐஎஸ்ஏ இணைப்பில் இயங்கியதால் முதல் 16 மெகாபைட் நினைவகத்தைத்தான் எட்ட முடிந்தது. அதற்கு மேலே இருந்த தரவை ட்ரைவர் கீழே ஒரு நகல் எடுத்துத்தான் அனுப்பியது.

40 ஊசிக்கு 80 கம்பி

பழைய ஐடிஇ டிஸ்க்குக்குத் தட்டையான இரண்டு வகைக் கேபிள்கள் இருந்தன. இரண்டிலும் 40 ஊசிகள்தான், ஒன்றில் மட்டும் 80 கம்பி. கூடுதலாக வந்த 40 கம்பிகளிலும் தரவு போகாது. பக்கத்துக் கம்பியின் இரைச்சலைத் தடுக்கப் போட்ட தரைக்கம்பிகள் அவை. 40 கம்பிக் கேபிளை மாட்டினால் ட்ரைவர் அதைக் கண்டுபிடித்து வேகத்தை நொடிக்கு 33 மெகாபைட்டுக்கு மட்டுப்படுத்தும். பழைய டிஸ்க்கிலிருந்து படங்களை மீட்கும்போது வேகம் போதாவிட்டால் முதலில் கம்பியை எண்ணிப் பாருங்கள்.

32இலிருந்து 65,536

ட்ரைவர் அடாப்டரோடு பேசுவதற்கு 2004இல் வந்த ஏஹெச்சிஐ முறையில் ஒரு சாட்டா போர்ட்டுக்கு ஒரே வரிசை, அதில் 32 கட்டளைகள். 2011இல் வந்த என்விஎம்இ முறையில் 65,535 வரிசைகள், ஒவ்வொன்றிலும் 65,536 கட்டளைகள்வரை வைக்கலாம். சிபியுவின் ஒவ்வொரு கோருக்கும் தனி வரிசை கிடைப்பதால் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கத் தேவையில்லை.

பூட்டிய வீடு

டிஸ்க்கைப் படிக்க ட்ரைவர் வேண்டும். அந்த ட்ரைவர் கோப்போ டிஸ்க்கில் இருக்கிறது. திறப்பை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டியது போன்ற இந்தச் சிக்கலை லினக்ஸ் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு பொதியால் தீர்க்கிறது. தேவையான ட்ரைவர்கள் அடங்கிய இந்தப் பொதியைப் பூட்லோடர் முதலிலேயே நினைவகத்தில் ஏற்றிவிடும். புதிய மதர்போர்டுக்கு டிஸ்க்கை மாற்றியதும் "ரூட் கோப்புமுறையை ஏற்ற முடியவில்லை" என்று கர்னல் நின்றுவிட்டால், புதிய அடாப்டரின் ட்ரைவர் அந்தப் பொதியில் இல்லை என்று முதலில் சந்தேகப்படுங்கள். லைவ் யுஎஸ்பியில் ஏறிப் பொதியைப் புதிதாகக் கட்டினால் போதும்.

நீலத்திரை 7பி

பயாஸில் சாட்டா முறையை ஐடிஇயிலிருந்து ஏஹெச்சிஐக்கு மாற்றியதும் விண்டோஸ் நீலத்திரை காட்டி 7பி என்று நின்றுவிடும். பூட் செய்யும் டிஸ்க்கை எட்ட முடியவில்லை என்பதே அதன் பொருள். பயாஸில் பழைய முறைக்குத் திரும்பினால் எல்லாம் முன்போல் வரும். நிரந்தரமாக மாற்ற வேண்டுமானால், விண்டோஸ் 8க்குப் பிந்திய பதிப்புகளில் முதலில் சேஃப் மோடில் ஏறும்படி அமைத்துவிட்டுப் பயாஸை மாற்றுங்கள். சேஃப் மோடில் ஒருமுறை ஏறியதும் ஏஹெச்சிஐ ட்ரைவர் தானே இயங்கத் தொடங்கும். பிறகு சேஃப் மோடை எடுத்துவிடலாம்.

எஃப்6 காலம்

விண்டோஸ் எக்ஸ்பியை நிறுவும்போது திரையின் அடியில் எஃப்6ஐ அழுத்தச் சொல்லி ஒரு வரி சில நொடிகள் வந்துபோகும். அதைத் தவறவிட்டால் பல ஸ்கசி டிஸ்க்குகளும், பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்த ரெய்டு தொகுதிகளும் தெரியாது. ட்ரைவரையும் பிளொப்பியில்தான் கொடுக்க வேண்டும். விஸ்டாவில்தான் யுஎஸ்பியிலும் சிடியிலும் கொடுக்க வழி வந்தது.

புத்தம்புது லப்டொப்பில் டிஸ்க் இல்லையா?

இன்டெல் 11ஆம் தலைமுறைக்குப் பிந்திய பல லப்டொப்களில் விண்டோஸ் போடப் போனால் டிஸ்க் பட்டியல் வெறுமையாக வரும். கடையில் கொடுத்து டிஸ்க்கை மாற்றிவிடாதீர்கள். இன்டெல் விஎம்டி என்ற பகுதி டிஸ்க்கைத் தன் பின்னால் வைத்திருக்கிறது. அதற்குரிய ட்ரைவரை யுஎஸ்பியில் வைத்து "லோட் ட்ரைவர்" கொடுத்தால் டிஸ்க் உடனே தெரியும். ஏற்கெனவே விண்டோஸ் உள்ள கணினியில் பயாஸுக்குப் போய் விஎம்டியை நிறுத்தினால் அந்த விண்டோஸ் ஏறாமல் போகலாம். பிட்லொக்கர் 48 இலக்க மீட்புத் திறவெண்ணையும் கேட்கலாம். அதை முன்கூட்டியே எழுதிவையுங்கள்.

3 டெராபைட் ஏன் 746 ஆனது?

3 டெராபைட் டிஸ்க்கைப் பழைய அடாப்டரிலோ பழைய ட்ரைவருள்ள கணினியிலோ மாட்டினால் 746 ஜிகாபைட் என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. பழைய ட்ரைவர் கட்ட எண்ணை 32 பிட்டில் எழுதுகிறது. ஒரு கட்டத்துக்கு 512 பைட் என்றால் எட்டக்கூடியது 2,19,902 கோடி பைட். டிஸ்க்கில் இருப்பதோ 3,00,059 கோடி. அந்த எல்லையைத் தாண்டியதும் எண்ணிக்கை மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது. மிஞ்சிய 80,157 கோடி பைட்தான் விண்டோஸின் இருமக் கணக்கில் அந்த 746 ஜிகாபைட். இந்த நிலையில் அந்த டிஸ்க்கில் ஒரு எழுத்தும் எழுதாதீர்கள். பின்பகுதிக்குப் போக வேண்டியது டிஸ்க்கின் முற்பகுதியில் விழுந்து, அங்கிருப்பதை அழித்துவிடலாம்.

பெட்டியிலிருந்து கழற்றினால்

2 டெராபைட்டுக்கு மேற்பட்ட சில யுஎஸ்பி வெளி டிஸ்க்குகளின் பெட்டிக்குள் இருக்கும் சிறு பலகை, 512 பைட் கட்டங்களை 4,096 பைட் கட்டங்களாக மாற்றிக் காட்டும். பெட்டி பழுதாகி, டிஸ்க்கைக் கழற்றிச் சாட்டாவில் நேராக மாட்டினால் கணக்கு ஒத்துவராது. விண்டோஸ் "ஃபோர்மட் செய்யவா?" என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். அதே வகைப் பெட்டியில் போட்டால் கோப்புகள் இருந்தபடியே இருக்கும்.

வேகமான வழி உறைந்தால்

யுஎஸ்பி 3 பெட்டிகளில் யுஏஎஸ் என்ற விரைவு நெறிமுறை உண்டு. சில பெட்டிகளின் சிப் அதைச் சரியாகச் செய்வதில்லை. பெரிய கோப்பை நகலெடுக்கையில் பாதியில் உறைந்து, இணைப்பு அறுந்து, திரும்ப வரும். லினக்ஸில் அந்தப் பெட்டிக்கு மட்டும் யுஏஎஸை நிறுத்தும்படி கர்னலுக்கு ஒரு வரி கொடுக்கலாம். வேகம் குறையும், நகல் முடியும்.

30 நொடிப் பொறுமை

லினக்ஸ் ஒரு கட்டளைக்கு வழக்கமாக 30 நொடி காத்திருக்கும். வீட்டுப் பாவனை டிஸ்க் ஒரு கெட்ட கட்டத்தைப் படிக்க ஒரு நிமிடத்துக்கு மேலும் போராடக்கூடும். அதற்குள் கர்னல் பொறுமையிழந்து இணைப்பை மீளமைக்கிறது. ரெய்டில் இருந்தால் முழு டிஸ்க்கும் வெளியே தள்ளப்படுகிறது. இந்த நேரத்தை 180 நொடியாக நீட்டிவிட்டால் பல டிஸ்க்குகள் தப்பும்.

இரண்டு சொல்லில் தீர்ப்பு

கர்னல் பதிவை டிமெஸ்ஜ் கட்டளையால் திறந்து, பிழை வரியின் இறுதியில் நெளிந்த அடைப்புக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். "யுஎன்சி" என்றிருந்தால் தட்டிலேயே படிக்க முடியாத இடம் இருக்கிறது. உடனே நகலெடுங்கள். "ஐசிஆர்சி" என்றிருந்தால் தரவு வரும் வழியில் சிதைந்திருக்கிறது. கேபிளை மாற்றுங்கள். டிஸ்க் தன்னைப் பற்றித் தரும் ஸ்மார்ட் அறிக்கையில் வழியில் சிதைந்த தரவை எண்ணும் 199ஆம் எண் ஏறிக்கொண்டு, கெட்ட கட்டங்களை எண்ணும் 5உம் 197உம் பூச்சியமாகவே இருந்தால் அதுவும் கேபிளைத்தான் காட்டும். 199 பழையபடி இறங்காது. புதுக் கேபிள் போட்டபின் மேலும் ஏறாமல் நின்றால் வேலை முடிந்தது.

ஏ யார், பி யார்?

லினக்ஸ் டிஸ்க்குகளுக்குக் கண்டெடுத்த வரிசையில் ஏ, பி, சி என்று பெயரிடுகிறது. ஒரு யுஎஸ்பியைச் செருகி மறுதொடக்கம் செய்தால் நேற்றைய ஏ இன்று பி ஆகலாம். பெயரை நம்பி ஃபோர்மட் கொடுத்தவர்கள் முழு டிஸ்க்கையும் இழந்திருக்கிறார்கள். கொள்ளளவையும் தொடரிலக்கத்தையும் பார்த்த பிறகே கையை வையுங்கள். அமைப்புக் கோப்பில் வரிசை மாறினாலும் மாறாத யுயுஐடி எண்ணையே எழுதுங்கள்.

கரண்ட் போன நொடி

1990இல் மின்சாரம் நின்றபோது யாழ்ப்பாணப் பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள். இன்று மின்வெட்டு வந்தால் அடிபடுவது டிஸ்க். தன் தற்காலிக நினைவகத்தில் தரவு வந்து சேர்ந்ததுமே டிஸ்க் "எழுதிவிட்டேன்" என்று சொல்லிவிடும். முக்கியமான இடங்களில் "நிரந்தரமாக எழுது" என்று ட்ரைவர் தனிக் கட்டளை அனுப்புவதால்தான் கோப்புமுறை தப்புகிறது. விண்டோஸில் இந்தக் கட்டளையை நிறுத்தும் ஒரு பெட்டி உண்டு. வேகம் கூடும் என்று யாராவது சொன்னாலும் அதில் சரி போடாதீர்கள்.

"தெல்லிப்பழை" 33 பைட்

யுடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட். தெல்லிப்பழையில் 11 குறியீடுகள், ஆக 33 பைட். லினக்ஸின் இஎக்ஸ்டி4இல் கோப்புப் பெயர் 255 பைட்டைத் தாண்டக்கூடாது. எனவே 85 குறியீட்டுக்கு மேற்பட்ட தமிழ்ப் பெயருள்ள விண்டோஸ் கோப்பு லினக்ஸுக்கு நகலாகாது. டிஸ்க்கில் பிழை என்று எண்ணாமல் பெயரைச் சுருக்குங்கள்.

எழுதியவர் போனார், ட்ரைவர் இருக்கிறது

பஸ்லொஜிக் ஸ்கசி அட்டைகளுக்கு லினக்ஸ் ட்ரைவர் எழுதியவர் லெனார்ட் சுப்கொஃப். 2002இல் அலாஸ்காவில் ஹெலிகொப்டர் விபத்தில் இறந்தார். அந்த அட்டைகளும் கடைகளிலிருந்து மறைந்தன. ஆனால் விஎம்வேர் தன் மெய்நிகர் கணினிக்குள் அதே அட்டையைப் போலச் செய்ததால் அவர் எழுதிய ட்ரைவருக்குத் தொடர்ந்து வேலை இருந்தது. திறந்த மூலமாக விட்டுச்சென்றதால் மற்றவர்கள் அதைப் பேண முடிந்தது.

1816இன் ஊர்

அமெரிக்க மிஷனரி டானியல் பூவர் 1816இல் தெல்லிப்பழையில் தொடங்கிய பள்ளியே இன்றைய யூனியன் கல்லூரி. மகாஜனாக் கல்லூரி 1910இல் பாவலர் துரையப்பாபிள்ளை தொடங்கியது. போரில் இரண்டும் இடம்பெயர்ந்து, பிறகு சொந்த மண்ணுக்குத் திரும்பின. 1981இல் யாழ் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் எஞ்சியவற்றை ஸ்கேன் செய்து சேர்த்துவருகிறது. இப்படிப்பட்ட ஊர்களில் ஒரு டிஸ்க்கை ஆராயாமல் எறிவது சின்ன விஷயமல்ல.

கை வைக்கும் ஒழுங்கு

முதலில் கேபிளையும் மின்னிணைப்பையும் மாற்றிப் பாருங்கள். அடுத்து, பயாஸுக்கு டிஸ்க் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், லைவ் லினக்ஸில் எல்எஸ்பிசிஐ கட்டளையால் அடாப்டருக்கு ட்ரைவர் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதைத் தாளில் குறியுங்கள். டிஸ்க்கிலேயே பழுது என்று உறுதியானால், அதில் எதையும் எழுதாமல் டிடிரெஸ்க்யூவால் வேறொரு டிஸ்க்குக்கு முழு நகல் எடுங்கள். நல்ல இடங்களை முதலில் எடுத்துவிட்டுக் கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பும் கருவி அது. எதுவரை படித்தது என்பதையும் வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்வதால், கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். பழுதுபார்ப்பு, ஃபோர்மட் எல்லாவற்றையும் அந்த நகலில் செய்யுங்கள். மூலத்தை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.