வேற்று மண்ணினர்: நெதர்லாந்தில் பிறந்த முஸ்லிம் இளைஞர்களும் வகைப்படுத்தலின் அநீதியும்

மேற்கு ஐரோப்பாவில் மதச் சகிப்புத்தன்மைக்குப் பெயர்பெற்ற நாடு எது என வினவினால் நெதர்லாந்து என்றே பலரும் விடை கூறுவர். அந்நாட்டின் அரசியலமைப்பு 1983ஆம் ஆண்டு திருத்தியமைக்கப்பட்டபோது, அதன் முதலாவது உறுப்புரையிலேயே சமத்துவமும் பாரபட்சத் தடையும் பொறிக்கப்பட்டன. மதம், கொள்கை, அரசியற் கருத்து, இனம், பால் ஆகியவற்றின் பெயரால் எவரையும் வேறுபடுத்தலாகாது என்பது அங்கு நாட்டின் முதற் சட்டம். அத்தகைய நாட்டில் பிறந்து, டச்சு மொழியிலேயே சிந்தித்து வளர்ந்த மொரோக்க அல்லது துருக்கி வம்சாவளி இளைஞன் ஒருவன் பாடசாலையிலும், தொழிற்பயிற்சிக்கு இடம் தேடும்போதும், அரச உதவித்தொகை பெறும்போதும் தனித்து நோக்கப்படுவது ஏன்? இஸ்லாத்தின் மீதான வெளிப்படையான பகைமையில் மாத்திரம் இதற்கு விடை தேடுவோர் விடயத்தின் பாதியையே காண்பர். மறுபாதி அலுவலகக் கோவைகளிலும் புள்ளிவிபரப் பிரிவுகளிலும் மறைந்து கிடக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் எழுச்சி பெற்ற டச்சுத் தொழிற்றுறைக்கு ஆட்கள் தேவைப்பட்டனர். 1964இல் துருக்கியுடனும் 1969இல் மொரோக்கோவுடனும் ஆட்சேர்ப்பு உடன்படிக்கைகள் கைச்சாத்திடப்பட்டன. வந்தவர்கள் 'விருந்தினர் தொழிலாளர்' என அழைக்கப்பட்டனர். விருந்தினர் ஒருநாள் திரும்பிச் செல்வர் என்ற எதிர்பார்ப்பு அப்பெயரிலேயே இருந்தது. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியோடு ஆட்சேர்ப்பு நின்றது. ஆயினும் அவர்கள் திரும்பவில்லை, மனைவி மக்களை அழைத்துக்கொண்டனர். 1975இல் சுரினாம் விடுதலை பெற்றதையொட்டி அங்கிருந்தும் பெருந்தொகையானோர் குடியேறினர். இந்திய, ஜாவா வம்சாவளி முஸ்லிம்களும் அவர்களுள் அடங்குவர். இன்று நாம் பேசும் இளைஞர்கள் இவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாவர்.

வந்தவர்களுக்கு ஒரு வகையில் நல்வாய்ப்பும் இருந்தது. கத்தோலிக்கர், புரொட்டஸ்தாந்தர், சோசலிசவாதிகள் என ஒவ்வொரு பிரிவினரும் தத்தமக்கெனப் பாடசாலை, பத்திரிகை, தொழிற்சங்கம், வானொலி என அமைத்துக்கொண்டு அருகருகே வாழ்ந்த சமூகம் அது. இம்முறையைத் 'தூண்கள்' என்னும் உருவகத்தால் அவர்கள் குறிப்பிடுவர். பல தூண்கள் சேர்ந்து ஒரு கூரையைத் தாங்குவதாகக் கருத்து. மதப் பாடசாலைகளுக்கும் அரச பாடசாலைகளுக்கும் சமமான நிதி வழங்க 1917இல் வழிசெய்யப்பட்டது. அந்த ஏற்பாட்டின் அடிப்படையிலேயே 1988இல் முதலாவது இஸ்லாமிய ஆரம்பப் பாடசாலைகள் அரச நிதியுடன் தோன்றின. ஆனால் அதே சுதந்திரம் மறுபக்கமும் வெட்டியது. வோலென்டாம் என்னும் ஊரின் கத்தோலிக்கக் கல்லூரி ஒன்று மாணவியொருத்தியின் தலைமறைப்பைத் தடைசெய்தபோது, தனது மத அடையாளத்தைப் பேணும் உரிமை அப்பாடசாலைக்கு உண்டென 2011இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேலும், முஸ்லிம்கள் தமது தூணை எழுப்பத் தொடங்கிய காலத்தில் ஏனைய தூண்கள் ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்தன. டச்சு மக்களிற் பெரும்பாலோர் தேவாலயத்தை விட்டு விலகியிருந்தனர். தாம் அண்மையில் கைவிட்ட ஒன்றை மற்றவர் பற்றி நிற்பதைக் காணும்போது எழும் எரிச்சலையும் இவ்விடயத்தில் நாம் கணக்கிலெடுக்க வேண்டும் என்பது எனது எண்ணம்.

இனி, சொல்லுக்கு வருவோம். 'அலொக்தோன்' என்றொரு சொல் டச்சு அரச ஆவணங்களில் நெடுங்காலம் ஆட்சி செலுத்தியது. கிரேக்க வேர்களிலிருந்து அமைந்த அச்சொல்லுக்கு 'வேற்று மண்ணினர்' என்பது நேர்ப்பொருள். பெற்றோரில் ஒருவரேனும் வெளிநாட்டிற் பிறந்திருந்தால், தான் அம்ஸ்டர்டாமிலேயே பிறந்திருப்பினும் ஒருவர் அலொக்தோன் ஆவார். பின்னர் அதற்குள்ளும் 'மேற்கத்தியர்', 'மேற்கத்தியரல்லாதோர்' எனப் பிரிவு செய்யப்பட்டது. துருக்கி மேற்கல்லாதது, ஆனால் இந்தோனேசியாவும் ஜப்பானும் மேற்கு! பூகோளம் அறிந்த எந்தச் சிறுவனும் நகைக்கும் இவ்வரைபடத்தை ஒரு நாட்டின் புள்ளிவிபரத் திணைக்களம் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தியது. 2016இல் அலொக்தோன் என்ற சொல்லைக் கைவிட அத்திணைக்களம் தீர்மானித்தது. மேற்கு, மேற்கல்லாதது என்னும் பிரிவு 2022இலேயே நீங்கத் தொடங்கியது.

இலங்கை வாசகருக்கு இது முற்றிலும் புதிய கதையன்று. ஒல்லாந்தர் ஆட்சியில், பல தலைமுறைகளாக இத்தீவின் கரையோரங்களில் வாழ்ந்துவந்த சோனகர் அந்நியர் என வகுக்கப்பட்டு, இங்கு வசிப்பதற்கு ஈடாக 'ஊழியம்' எனும் கட்டாயச் சேவையைச் செய்யவோ அதற்குப் பதிலாகப் பணம் செலுத்தவோ நேர்ந்தது.

2000ஆம் ஆண்டு ஜனவரியில் போல் ஸ்கெஃபர் எழுதிய 'பல்கலாசார நாடகம்' பற்றிய கட்டுரை, குடியேறியோரின் பின்னடைவைச் சமூகம் கண்டும் காணாதிருப்பதாகக் குற்றஞ்சாட்டிப் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. 2004 நவம்பர் 2ஆம் திகதி திரைப்பட இயக்குநர் தியோ வான் கோ அம்ஸ்டர்டாம் வீதியிற் கொல்லப்பட்டார். எந்த நியாயத்திற்கும் இடமில்லாத அக்கொலையைச் செய்தவன் அந்நகரிலேயே பிறந்து வளர்ந்த மொரோக்க வம்சாவளி இளைஞன். ஒரு வாரத்தினுள் ஊடென் நகரின் இஸ்லாமிய ஆரம்பப் பாடசாலை தீக்கிரையாக்கப்பட்டது. அதன் பின்னர் முஸ்லிம் இளைஞர் குறித்த பேச்சு, கல்வி, வீடமைப்பு, தொழில் ஆகிய துறைகளிலிருந்து பாதுகாப்புத் துறைக்கு இடம்மாறிவிட்டது. தம்மோடு எத்தொடர்புமற்ற குற்றங்களுக்காக விளக்கமளிக்கும் கடமை பள்ளிச் சிறுவர் மீதும் சுமத்தப்பட்டது.

ஆனால் இளைஞரின் வாழ்வைத் தீர்மானிப்பவை தலைப்புச் செய்திகள் மட்டுமல்ல. டச்சுக் கல்வி முறையில் ஏறத்தாழப் பன்னிரண்டு வயதிலேயே பிள்ளைகள் தொழிற்கல்வி, உயர்கல்வி எனப் பல வழிகளாகப் பிரிக்கப்படுகின்றனர். இதில் ஆசிரியரின் ஆலோசனைக்குப் பெரும் பாரமுண்டு. வீட்டில் டச்சு பேசாத, பெற்றோர் அதிகம் படிக்காத பிள்ளைக்கு ஆசிரியர் நல்லெண்ணத்துடனேயே ஒரு படி குறைத்துப் பரிந்துரைப்பதுண்டு. 'அவன் சிரமப்படக் கூடாதே' என்ற இரக்கம் அதற்குக் காரணமாகலாம். ஆனால் அப்பிள்ளை இழந்த ஆண்டுகளை இரக்கம் மீட்டுத் தராது. இறுதிப் பரீட்சையிற் கூடிய பெறுபேறு பெற்றால் ஆலோசனையை உயர்த்தலாம் என்றிருந்தது. கொரோனாத் தொற்றால் 2020இல் அப்பரீட்சை நடைபெறாததால் அவ்வழியும் அவ்வாண்டு அடைபட்டது. பரீட்சைப் பெறுபேறு உயர்வாயின் ஆலோசனையும் பொதுவாக உயர்த்தப்பட வேண்டும் என்ற விதி 2023-24 கல்வியாண்டிலேயே நடைமுறைக்கு வந்தது.

தொழிற்கல்விக்குச் சென்றவர் அடுத்த வாயிலில் நிறுத்தப்படுகிறார். நிறுவனமொன்றிற் பயிற்சி பெறாமல் டிப்ளோமா கிடையாது. பெயரைப் பார்த்ததும் இடமில்லை என்பதும், தலைமறைப்பைக் கழற்ற முடியுமா எனக் கேட்பதும் பலரின் அனுபவம். முறையிட்டால் உள்ள இடமும் போய்விடும் என்ற அச்சத்தில் மாணவர் மௌனம் காக்கின்றனர். அரசு, கல்லூரிகள், தொழில்வழங்குநர் ஆகியோர் இதைக் களைவதாக 2023இல் ஓர் உடன்பாடு செய்தனர். சிக்கலை அரசே ஏற்றுக்கொண்டதற்கு அது சான்று.

இவற்றினும் பாரதூரமானது எண்களின் போர்வையில் நிகழ்ந்தது. மாணவர் உதவித்தொகையை வழங்கும் 'டுவோ' என்னும் அரச நிறுவனம், பெற்றோரை விட்டு வெளியே வசிப்பதாகக் கூறிக் கூடுதல் தொகை பெறுவோரில் மோசடி செய்பவர் யார் என்பதைக் கணிக்க ஒரு கணினி முறையைப் பயன்படுத்தியது. அதில் இனமோ மதமோ கேட்கப்படவில்லை. கல்வியின் வகை, வயது, பெற்றோர் வீட்டிலிருந்து உள்ள தூரம் ஆகிய மூன்றே அளவுகோல்கள். தொழிற்கல்வி மாணவருக்குச் சந்தேகப் புள்ளி அதிகம். பெற்றோருக்கு அருகில் வசிப்பவருக்கும் அதிகம். எவர் தொழிற்கல்விக்கு அனுப்பப்பட்டனர் என்பதை மேலே கண்டோம். குடும்பத்துக்கு அருகிலும், மாமா, சாச்சா வீடுகளிலும் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் எச்சமூகங்களில் அதிகம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வாயிலில் இழைக்கப்பட்ட குறை மறு வாயிலிற் குற்றச்சாட்டாக மாறியது. ஊடகங்கள் 2023இல் இதை வெளிக்கொணர்ந்தன. ஐரோப்பாவுக்கு வெளியே வேர் கொண்ட மாணவர் மிகையாகச் சோதிக்கப்பட்டதை ஆய்வு உறுதிசெய்ததும், 2024 மார்ச் 1ஆம் திகதி கல்வி அமைச்சர் ரொபேர்ட் டைக்கிராஃப் மன்னிப்புக் கோரினார். பதினாயிரத்திற்கும் மேற்பட்ட மாணவருக்குப் பணத்தைத் திருப்பியளிக்க 6 கோடி 10 இலட்சம் யூரோ ஒதுக்கப்படுவதாக அவ்வாண்டு நவம்பரில் அறிவிக்கப்பட்டது. இதற்கு முன்னரே, பிள்ளைப் பராமரிப்பு உதவித்தொகை விடயத்தில் பெற்றோரை அநியாயமாக மோசடிக்காரராக்கிய விவகாரத்தால் 2021 ஜனவரியில் அமைச்சரவையே பதவி விலகியிருந்தது. அதில் இரட்டைக் குடியுரிமை பற்றிய தரவுகள் சட்டவிரோதமாகக் கையாளப்பட்டிருந்தன. மொரோக்கக் குடியுரிமையோ, ஒருவர் விரும்பினும் துறக்க இயலாதது.

அஹ்மத் அபூதாலிபை உதாரணம் காட்டுவோர் உளர். பதினைந்து வயதளவில் மொரோக்கோவிலிருந்து வந்த அவர், 2009 முதல் 2024 வரை ரொட்டர்டாம் மாநகர முதல்வராக இருந்தார். அது அந்நாட்டுக்கும் பெருமையே. எனினும் ஒருவர் ஏறிய ஏணியைக் காட்டி, அதே ஏணியில் படிகள் உடைந்திருப்பதை மறுக்க முடியாது. நீதிமன்றமும் ஊடகமும் பாராளுமன்ற விசாரணையும் அங்கு உயிருடன் உள்ளன என்பதையும் நாம் மறைக்கலாகாது. எல்லைக் காவற்படை ஆட்களைச் சோதனைக்குத் தெரிவதில் இனத் தோற்றத்தைக் கருத்திற் கொள்வது பாரபட்சமே என 2023 பெப்ரவரியில் ஹேக் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பல முஸ்லிம் நாடுகளில் இத்தகைய வழக்கொன்றைத் தொடுக்கவும் இயலாது.

ஆயினும் தவறு நிகழ்ந்தபின் திருத்துவதில் உள்ள வேகம், அதை முற்கூட்டித் தடுப்பதில் இல்லை. தொழில்வழங்குநர் ஆட்சேர்ப்பில் பாரபட்சத்தைத் தவிர்க்கும் நடைமுறையொன்றை வைத்திருக்க வேண்டும் எனக் கோரிய சட்டமூலம் கீழ்ச்சபையில் நிறைவேறி மேற்சபைக்கு வந்தது. அமைச்சர் மாணவரிடம் மன்னிப்புக் கோரிய அதே மாதத்தில், 2024 மார்ச் 26ஆம் திகதி, மேற்சபை அதனை நிராகரித்தது.