வாசலுக்கே வரும் பி.பி. கருவி: அளவு சரியாக வர என்ன செய்ய வேண்டும்?

செங்கல்பட்டு மாவட்டத்தின் உட்கிராமங்களானாலும், கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள மீனவர் குப்பங்களானாலும், பிரஷர் பார்ப்பதற்காக ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நின்ற காலம் மாறிவருகிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் தானியங்கி பி.பி. கருவியுடன் வீடு தேடி வருகிறார்கள், மாத்திரையும் தருகிறார்கள்.

இதன் தேவையைச் சொல்ல ஒரு கணக்கு போதும். 2020-ல் நடந்த மாநில அளவிலான ‘ஸ்டெப்ஸ்’ எனும் தொற்றா நோய் ஆய்வில், பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம்தான்.

கருவி எப்படி அளக்கிறது?

கையில் சுற்றும் பட்டையில் காற்று நிரம்பி, கை ரத்தக்குழாயை அழுத்துகிறது. காற்று இறங்கும்போது நாடித்துடிப்பால் பட்டையில் எழும் அதிர்வுகளை உணர்ந்து, மேல் அளவையும் கீழ் அளவையும் கருவியே கணக்கிடுகிறது. ஸ்டெதஸ்கோப் தேவையில்லை. இதயத்துடிப்பு சீரற்றவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு தவறலாம். அவர்கள் மருத்துவரிடம் நேரில் பார்ப்பது நல்லது.

அளவு எங்கே பிசகுகிறது?

திண்ணையில் காலைத் தொங்கவிட்டு, ரவிக்கைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றிக்கொண்டு, பக்கத்து வீட்டம்மாவுக்குப் பதில் சொல்லியபடி பார்த்தால் வரும் எண்ணை நம்ப முடியாது. பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் அளவு கூடும். கை பிடிமானமில்லாமல் தொங்கினாலும் கூடும். டீ, காபி, பீடி முடிந்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பதிய ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். பட்டை வெறும் கையில், இதய மட்டத்தில் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள்.

எண்ணை எப்படிப் படிப்பது?

மருத்துவமனையில் 140/90, வீட்டில் 135/85 என்ற அளவைத் தொடர்ந்து எட்டினாலோ தாண்டினாலோ அது உயர் ரத்த அழுத்தம். டாக்டரைக் கண்டதும் ஏறும் பிரஷரும் உண்டு. அங்கே ஒளிந்து வீட்டில் ஏறும் பிரஷரும் உண்டு. அதனால்தான் ஒரு வாரம் காலையில் மாத்திரைக்கு முன்பும் மாலையிலும் பார்த்து, நோட்டில் குறித்துவைக்கச் சொல்கிறார்கள். முதல் நாளைத் தள்ளிவிட்டு மற்ற நாட்களின் சராசரியைத்தான் மருத்துவர் எடுத்துக்கொள்வார். 180/120-ஐத் தாண்டி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல் இருந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.

பிரஷரை ஏற்றுவதில் உப்புக்கும் பங்குண்டு. கடலோரச் சமையலில் உப்பு மிகுந்த கருவாடும் ஊறுகாயும் கூடவே வரும். ஒரு நாளைக்கு உப்பு மொத்தமே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கருவி அளந்து சொல்லும், குணப்படுத்தாது. 120/80 வந்துவிட்டதே என்று மாத்திரையை விட்டுவிடாதீர்கள். அந்த எண்ணைக் கொண்டுவந்தது மாத்திரைதான். அடுத்த முறை தன்னார்வலர் வரும்போது கையை நீட்டுங்கள். வீட்டில் முப்பது வயதைக் கடந்த எல்லோரையும் நீட்டச் சொல்லுங்கள்.