மலைக்கு ஒரு ஜீப்: புதுசா, பழசா?

பழைய கார் பார்க்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" என்பதுதான். ஜீப் விஷயத்தில் இந்தக் கேள்வி அவ்வளவாக உதவாது. மீட்டரே வேலை செய்யாத ஜீப்புகள் ஏராளம். வேலை செய்தாலும், நான்குவழிச் சாலையில் ஓடிய ஒரு லட்சம் கிலோமீட்டரும், மூட்டையை ஏற்றிக்கொண்டு கல்லுப்பாதையில் ஏறி இறங்கிய இருபதாயிரம் கிலோமீட்டரும் ஒன்றல்ல. இரண்டாவதுதான் வண்டியை அதிகம் தின்றிருக்கும்.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்க நேர்ந்தது சித்தப்பாவால். தாண்டிக்குடிப் பக்கம் அவருக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம், ஊடே மிளகு. தார்ரோட்டிலிருந்து தோட்டத்துக்கு மூன்று கிலோமீட்டர் மண்பாதை. பழம் எடுக்கும் பருவமும் வடகிழக்கு மழையும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் வந்து நிற்கும். பறித்த பழத்தை அன்றைக்கே தோல் நீக்கணும், இல்லாட்டி புளித்துப்போய்விடும். வாடகை ஜீப் வராத நாளில் அன்றைய பறிப்பு முழுக்க வீண். "ஏம்ப்பா, கடன் போட்டுப் புதுசா எடுக்கவா, கையில இருக்கறதுல பழசு ஒண்ணு பாக்கவா?" என்று போனில் கேட்டார். கையில் இருந்தது நாலரை லட்சம்.

புதுசா பழசா என்பதற்கு முன்னால் இன்னொன்றைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. அந்த வண்டி நிஜமாகவே நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதானா? தோற்றத்தை நம்பக் கூடாது. மஹிந்திரா தார் 2010இல் வந்தது, இப்போது பார்க்கிற வடிவம் 2020இல் வந்தது. 2023 ஜனவரியில் பின் சக்கரம் மட்டும் இழுக்கும் தாரும் விற்பனைக்கு வந்துவிட்டது. ரோட்டில் நிற்கும்போது இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம், சேற்றில்தான் தெரியும். ஐந்து கதவு தார் ராக்ஸில் ஃபோர் வீல் டிரைவ் டீசலுக்கு மட்டும்தான். பழசிலும் இதே கதை. ஊர்களில் ஷேர் ஜீப்பாக ஓடிய கமாண்டர்களில் பெரும்பாலானவை பின் சக்கர இழுவைதான். ஜீப் மாதிரி இருப்பதெல்லாம் ஜீப் வேலை செய்யாது.

நாலு சக்கர இழுவையோடு சேர்ந்து வருவது லோ கியர். கியர்பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று ஒரு பெட்டி உண்டு. இஞ்சினின் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுப்பது அதுதான். அதில் லோ போட்டால் சக்கரத்தின் வேகம் இரண்டு, இரண்டரை மடங்கு குறையும், இழுவை அதே அளவுக்குக் கூடும். மேடு ஏறத்தான் இது என்று பலரும் நினைக்கிறார்கள். இதன் அருமை தெரிவது இறக்கத்தில். லோவில் முதல் கியரைப் போட்டுக் காலை எடுத்துவிட்டால் இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடேறாது. மலைப்பாதையில் உயிர் காப்பது இந்த ஒரு கியர்தான் என்றே சொல்வேன்.

இனி பழைய வண்டிக்கு வருவோம். மேலே பெயின்ட், சீட், ஸ்டீரியோவைப் பார்ப்பது நேர விரயம். ஒரு சாக்கை விரித்துக் கீழே படுத்துவிடுங்கள். சேசிஸ் சட்டத்தின் உள்பக்கம், பட்டை (லீஃப் ஸ்பிரிங்) கோத்திருக்கும் கொக்கிகள், குறுக்குச் சட்டங்கள், இங்கெல்லாம் செதில் செதிலாகத் துரு உதிர்கிறதா? வெல்டிங் ஒட்டு இருக்கிறதா? அடிப்பாகம் முழுக்கப் புதுசாகக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். சுத்தியால் லேசாகத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், துருப்பிடித்தது பொத்தென்று சொல்லும்.

அடுத்தது கிரவுன் எண்ணெய். பின் அச்சுக்கும் முன் அச்சுக்கும் நடுவில் உருண்டையாக இருக்கிறதே, அதன் போல்ட்டைக் கழற்றி விரலை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெய் பால் காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. ஓடிச் சூடான கிரவுன் சட்டென்று ஆற்றுத் தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். காற்றோட்டத்துக்கு என்று வைத்திருக்கும் சின்னக் குழாய் சேறடைத்துப் போயிருந்தால் இது நிச்சயம். இரும்புத்தூள் மினுமினுத்தால் பல் தேய்கிறது என்று அர்த்தம், செலவு பெரிசு.

மூன்றாவது சோதனையை ஈர மண்ணில்தான் செய்யணும். ஃபோர் வீல் போட்டு, லோ போட்டு, மேட்டில் நேராக ஏற்றுங்கள். பாரம் விழும்போது கியர் தானாகக் கழன்று வெளியே வருகிறதா என்று பாருங்கள். இதைத் தார்ரோட்டில் செய்யக் கூடாது. இந்த வகை வண்டிகளில் முன் அச்சும் பின் அச்சும் இறுக்கிப் பூட்டின மாதிரி ஒரே வேகத்தில் சுற்றும். வளைவில் முன் சக்கரம் கொஞ்சம் அதிக தூரம் போக வேண்டும். மண்ணில் சக்கரம் வழுக்கி அதைச் சரிக்கட்டிக்கொள்ளும், தாரில் வழுக்க இடமில்லை, முறுக்கமெல்லாம் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் கிராஸ் ஜாயிண்டிலும் போய் உட்காரும். இது தெரியாத ஒருவர் ஓட்டிய வண்டி மூன்று வயசிலேயே கிழவனாகியிருக்கும். தெரிந்தவர் ஓட்டிய இருபது வருஷ ஜிப்சி இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்.

ஜிப்சியைச் சொன்னதால் ஒரு வார்த்தை. 1985இல் வந்த மாருதி ஜிப்சியின் எடை ஒரு டன்னுக்குள்தான். இப்போதைய தார் ஒன்றே முக்கால் டன்னைத் தொடுகிறது. சேற்றில் எடை குறைவு என்பதே பாதி பலம். ஆனால் ஜிப்சி பெட்ரோல் குடிக்கும், மூட்டைக்கும் அவ்வளவாக ஏற்றதில்லை.

வண்டி தேறினாலும் காகிதம் தேறணும். சொந்த வண்டியின் ஆர்.சி. 15 ஆண்டுக்குத்தான். அப்புறம் சோதனைக்குக் காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கணும். இந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு 2025இல் 10,000 ஆக்கிவிட்டார்கள். டெல்லியில் பத்து ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளுக்குக் கெடுபிடி வந்ததால் அங்கிருந்து பல வண்டிகள் மலிவாக வெளிமாநிலங்களுக்குக் கைமாறின. விலை இனிக்கும், ஆனால் என்.ஓ.சி., இங்கே மறுபதிவு, சாலை வரி எல்லாம் சேர்ந்தால் இனிப்பு குறையும்.

மாற்றிக் கட்டிய ஜீப்புகள் இன்னொரு வலை. நீளச் சேசிஸை வெட்டிக் குட்டையாக்கி, வேறு இஞ்சின் வைத்து, பழைய வில்லிஸ் முகம் பொருத்துவார்கள். ஹரியானா-பஞ்சாப் எல்லையில் இருக்கும் மண்டி டப்வாலி இதற்கே பேர்போன ஊர். பார்க்க அழகுதான். ஆனால் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. சேசிஸ் நம்பர், இஞ்சின் நம்பர் இரண்டையும் ஆர்.சி. புக்கோடு நீங்களே ஒப்பிடுங்கள், புரோக்கர் வாசித்துக் காட்ட வேண்டாம்.

இவ்வளவு தலைவலி எதுக்கு, புதுசே எடுத்துவிடலாமே என்று தோன்றும். ஃபோர் வீல் தார் ஆன்ரோடு 15 லட்சத்தைத் தாண்டும். சித்தப்பாவுக்கு அதில் பத்து லட்சத்துக்கு மேல் கடன். காப்பி விலை இறங்கும் வருஷத்திலும் தவணை இறங்காது. இரண்டு மூன்று வருஷம் ஓடிய தார் எடுக்கலாம் என்றால், அதுக்கு மவுசு இருப்பதால் விலை பெரிசாக விழுவதில்லை. யாரோ ரீல்ஸ் எடுக்க ஆற்றில் இறக்கிய வண்டியைக் கிட்டத்தட்டப் புது விலைக்கு வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த விலைக்குப் புதுசே மேல்.

புது டீசலில் தோட்டக்காரர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 விதிக்குப் பிறகு டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. சேர்ந்த கரியை எரிக்க வண்டி கொஞ்ச நேரம் நல்ல வேகத்தில், நல்ல சூட்டில் ஓடணும். தினம் மூன்று கிலோமீட்டர் மண்பாதையில் தவழும் வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடையாது. விளக்கு எரியும், அப்புறம் வண்டி வலுவைக் குறைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை வத்தலக்குண்டு வரை ஓட்டிவிட்டு வந்தால் சமாளிக்கலாம். சென்சார் கோளாறு என்றால் ஸ்கேனர் உள்ள இடத்துக்குத்தான் போகணும். பழைய மஹிந்திரா டீசல் அப்படியில்லை. சாவியும் ஸ்பேனரும் வைத்திருக்கும் எந்த மெக்கானிக்கும் பாதையோரத்திலேயே பிரித்துப் போடுவார்.

பாதுகாப்பில் மட்டும் பழசுக்கு வக்காலத்து வாங்க மாட்டேன். 2020 தார் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நாலு நட்சத்திரம் வாங்கியது. ஏர்பேக், ஏ.பி.எஸ்., கவிழ்ந்தால் தாங்கும் கூண்டு எல்லாம் உண்டு. பழைய ஜீப்பில் இதில் எதுவும் இல்லை. பின்னால் பக்கவாட்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்குப் பெல்ட்கூடக் கிடையாது.

சித்தப்பாவிடம் நான் சொன்னது இதுதான்: பழசு எடுங்க, ஆனா மூணு லட்சத்துக்கு மேல போகாதீங்க. மிச்சம் ஒண்ணரை லட்சம் பிரேக், டயர், கிராஸ், சீலுக்கு. அதை மாத்தின பிறகுதான் முதல் மூட்டை ஏறணும். பார்க்கப் போகும்போது நம்ம மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போங்க, அவருக்கு ஒருநாள் கூலி கொடுத்துடுங்க. அவர் பக்கத்தில் இல்லாத ஊராக இருந்திருந்தால் கடனாக இருந்தாலும் புதுசுதான் என்று சொல்லியிருப்பேன்.

ஒன்றை மட்டும் அவர் ஒப்புக்கொள்ளத் தயங்கினார். சாயந்திரம் பழம் பறிக்கிற பெண்களையும் அதே வண்டியில் கீழே இறக்கிவிடலாம் என்பது அவர் கணக்கு. பழைய வண்டிக்குப் பெரும்பாலும் தேர்ட் பார்ட்டி பாலிசிதான் போடுவார்கள். நம் வண்டிக்குள் இலவசமாக ஏறி வருபவர் அந்த 'தேர்ட் பார்ட்டி'க்குள் வரமாட்டார். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனவர் பற்றிய 2006 வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான். ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கைவிரிக்கும், தோட்டத்தை விற்றுத்தான் கொடுக்கணும். பழைய வண்டிக்கும் பேக்கேஜ் பாலிசி தருகிற கம்பெனி கிடைக்கிறதா என்று வண்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். கிடைக்காவிட்டால் வண்டியில் மூட்டை மட்டும்தான் ஏறணும்.