விருந்தாளிக் கணிப்பொறிக்கு ஒரு திண்ணை

பழைய வீடுகளில் வாசலை ஒட்டித் திண்ணை இருக்கும். வழிப்போக்கர் அங்கே இளைப்பாறலாம். தண்ணீர் கேட்டுக் குடிக்கலாம். ஆனால், நெற்குதிர் இருக்கும் உள்ளறைக்கு அவர் போவதில்லை. விருந்தோம்பலும் குறையவில்லை, வீட்டின் காவலும் குறையவில்லை. வீட்டிலுள்ள கணிப்பொறி வலைக்கும் இப்படி ஒரு திண்ணை கட்ட முடியுமா? பார்ப்போம்.

உங்கள் வீட்டில் இரண்டு கணிப்பொறிகளும் ஓர் அச்சுப்பொறியும் ஈதர்நெட் கம்பிகளால் ஒரு சுவிட்சுடன் இணைக்கப்பட்டுள்ளன என்று வைத்துக்கொள்வோம். (இது விளக்குப் போடும் சுவிட்ச் அன்று, தகவலை உரிய துளைக்கு அனுப்பும் பெட்டி.) அதிலிருந்து ஒரு கம்பி ரூட்டருக்குச் செல்கிறது, ரூட்டர் வழியே இணையம். விடுமுறைக்கு வந்த மாமா மகன் தன் மடிக்கணிப்பொறியைக் காலியாக உள்ள துளையில் இணைக்கிறான். அவனுக்கு வேண்டியது இணையம் மட்டுமே. கிடைப்பதோ அதைவிட அதிகம். எப்படி?

ஈதர்நெட் கருவி ஒவ்வொன்றுக்கும் 48 பிட் நீளமுள்ள 'மேக்' முகவரி உண்டு. எந்த முகவரி எந்தத் துளையில் உள்ளது என்பதைச் சுவிட்ச் ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. ஒரே வலையிலுள்ள இரு கருவிகள் பேசிக்கொள்ளும்போது, தகவல் சுவிட்சோடு திரும்பிவிடுகிறது. ரூட்டரைக் கடப்பதே இல்லை. ஆகவே, ரூட்டரில் நாம் வைத்த காவல் வெளியிலிருந்து வருபவரைத்தான் தடுக்கும். உள்ளே வந்துவிட்டவரை அது பார்ப்பதில்லை.

மாமா மகன் நல்லவன்தான். அவனுடைய கணிப்பொறிக்கு நோய் தொற்றியிருந்தால்? 2017 மே மாதம் பரவிய 'வானாகிரை' என்னும் தீநிரல், விண்டோஸின் கோப்புப் பகிர்வில் இருந்த ஒரு பிழையைப் பயன்படுத்தி, ஒரு கணிப்பொறியிலிருந்து அதே வலையிலுள்ள மற்றவற்றுக்குத் தானாகவே தாவியது. சுமார் 150 நாடுகளில் 2,00,000-க்கும் மேற்பட்ட கணிப்பொறிகளின் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது.

சரி, தடுப்பது எப்படி? தெரியாத கருவிக்கு ரூட்டர் ஐ.பி. முகவரி வழங்காதபடி செய்யலாம். ஆனால், பொருத்தமான முகவரி ஒன்றைப் பயனாளர் தாமே தட்டிக்கொள்ள முடியும். அனுமதித்த மேக் முகவரிகளுக்கு மட்டும் இடம் தரலாம். அதையும் மென்பொருளால் மாற்றிவிடலாம். பிறர் பெயர்ச்சீட்டை அணிந்துகொள்வது போல! இரு முறைகளும் பெயரைக் கேட்கின்றன, பாதையைப் பிரிப்பதில்லை.

பாதையைப் பிரிப்பது 'வி.லேன்' என்னும் மெய்நிகர் வலை. இதற்கான 802.1கியூ நெறி 1998-இல் வெளிவந்தது. இவ்வசதியுள்ள சுவிட்சில் முதல் மூன்று துளைகளுக்கு 10 என்றும், விருந்தாளித் துளைக்கு 20 என்றும் எண் கொடுக்கிறோம். விருந்தாளி எந்த முகவரியைச் சொன்னாலும் துளை மாறாது; எண்ணும் மாறாது. ரூட்டருக்குச் செல்லும் கம்பியில் ஒவ்வொரு தகவல் பொதியும் 4 பைட் அடையாளச் சீட்டுடன் போகிறது. அதில் 12 பிட்டுகள் வலையின் எண். 2-இன் 12-ஆம் அடுக்கு 4096. 0, 4095 இரண்டும் ஒதுக்கப்பட்டவை. மீதி 4094 வலைகள்! நமக்கு இரண்டே போதும்.

இப்போது 20-லிருந்து 10-க்குச் செல்ல வேண்டுமானால் ரூட்டரைக் கடந்தே ஆகவேண்டும். அங்கே, "இணையத்துக்குப் போகலாம், 10-க்குப் போகக்கூடாது" என்று விதி எழுதுகிறோம். ரூட்டர், சுவிட்ச் ஆகியவற்றின் அமைப்புப் பக்கங்களையும் 20-க்கு மூடிவிட வேண்டும். இல்லையேல் திறவுகோலைத் திண்ணையிலேயே வைத்தது போலாகும்.

மாணவர்களே, ஒரு கேள்வி. இத்தகைய சுவிட்ச் இல்லை. பழைய ரூட்டர் ஒன்றுதான் இருக்கிறது. அதன் இணையத் துளையை முதல் ரூட்டருடன் இணைக்கிறோம். விருந்தாளியை எதனுடன் சேர்ப்பீர்கள்? புதிதாகச் சேர்த்த ரூட்டருடன் என்று பலர் சொல்வர். அது தவறு. ரூட்டர் உள்ளிருந்து வெளியே செல்வதைத் தடுப்பதில்லை; அந்த ரூட்டருக்கு நம் கணிப்பொறிகள் 'வெளியே' இருப்பவை. எனவே குடும்பம் உள் ரூட்டரில், விருந்தாளி வெளி ரூட்டரில். திண்ணை என்றுமே வாசலுக்கு வெளியேதான்!