குழித்தறியும் குறுக்கு வலியும்

மருத்துவப் பாடப்புத்தகங்களில் நெசவாளர் பெயரில் ஒரு நோய் இருக்கிறது. 'நெசவாளர் பிட்டம்' என்பது ஆங்கில மருத்துவர்கள் அதற்கு வைத்த செல்லப்பெயர். உட்காரும்போது நம் பாரத்தைத் தாங்குவது இடுப்பெலும்பின் அடிமுனை. அந்த முனைக்கும் மேலே உள்ள சதைக்கும் நடுவே, உராய்வு இல்லாமல் இருக்க, சின்ன நீர்ப்பை ஒன்று உண்டு. கட்டைப் பலகையில் வருஷக்கணக்கில் உட்கார்ந்தால் அந்தப் பை வீங்கிக்கொள்ளும். உட்கார்ந்தால் குத்தும், எழுந்தால் கொஞ்சம் விடும். பெயர் வைத்த நாட்டில் கைத்தறி அநேகமாக அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. ஆரணியில் பலகை அப்படியேதான் இருக்கிறது.

திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணிக்கு அரிசியால் ஒரு பெயர், பட்டால் ஒரு பெயர். ஊருக்குள்ளும், சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என்று சுற்றுவட்டாரத்திலும் தறிச் சத்தத்தை வைத்தே தெருவை அடையாளம் சொல்லலாம். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. புடவை எப்படி இருக்கவேண்டும் என்பதை அந்தச் சான்று விவரமாகச் சொல்லும். அதை நெய்தவரின் இடுப்பு எப்படி இருக்கிறது என்பது அதில் வராது.

குழித்தறியில் உட்கார்ந்தவரைப் பக்கவாட்டில் நின்று பார்க்கவேண்டும். கால்கள் இரண்டும் குழிக்குள் மிதியின் மேல். வலது கை கயிற்றை இழுக்க, ஊடையிழையைச் சுமந்த நாடா, நெடுக்கிழையான பாவுக்குள் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடுகிறது. இடது கை தறியின் அடிபலகையை இழுத்து ஊடையை அடிக்கிறது. கண் இழையின் மேலேயே இருப்பதால் தலை குனிந்திருக்கிறது. தலை குனிந்தால் தோள் முன்னால் வரும், தோள் வந்தால் முதுகு வளையும். இப்படி எட்டு மணி நேரம், முகூர்த்த மாதமென்றால் அதற்கும் மேலே.

கையும் காலும் ஓடுகின்றன, வலியோ கழுத்திலும் குறுக்கிலும் வருகிறதே என்று நெசவாளர்களே குழம்புவதுண்டு. காரணம் எளிது. ஓடுகிற சதை இறுகித் தளர்கிறது. தளரும் நேரத்தில் ரத்தம் உள்ளே பாயும். முதுகுச் சதைக்கோ தளர நேரமே இல்லை. உடம்பை விழாமல் பிடித்து நிறுத்த அது நாள் முழுக்க இறுகியே இருக்கவேண்டும். இறுகிய சதைக்குள் ரத்த ஓட்டம் குறையும், களைப்பு தங்கும், சாயங்காலம் அதுவே குடைச்சலாக வெளிப்படும். நெசவில் அசையாத உறுப்புக்கும் வேலை உண்டு. கூலிதான் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவே உள்ள வட்டுகளின் கதை இன்னும் சுவாரசியமானது. நம் ஊரில் 'ஜவ்வு' என்று சொல்வது இதைத்தான். 1960களில் ஸ்வீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன், ஆட்களின் வட்டுக்குள் ஊசியைச் செலுத்தி உள்ளே எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று அளந்தார். நிற்பதைவிட உட்காரும்போது அழுத்தம் கூடுகிறது, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் இன்னும் கூடுகிறது என்றார். 1999-இல் ஜெர்மனியில் வில்கே குழுவினர் திரும்ப அளந்தபோது ஒரு திருத்தம் வந்தது: சாய்ந்து தளர்வாக உட்கார்ந்தால் அழுத்தம் நிற்கும்போது இருப்பதைவிட அதிகமில்லை. ஆனால் குனிந்து உட்காரும் விஷயத்தில் இரண்டு அளவுகளும் ஒத்துப்போயின. குழித்தறியில் சாய்வதற்கு முதுகுக்குப் பின்னால் எதுவும் கிடையாது.

வலி பொறுக்காத ஒருநாள் நெசவாளர் வேலூருக்கோ திருவண்ணாமலைக்கோ போய் ஸ்கேன் எடுக்கிறார். 'எல் நாலு, எல் அஞ்சு ஜவ்வு விலகியிருக்கு, தேய்மானம் இருக்கு' என்கிற அறிக்கையோடு வீட்டுக்கு வருகிறார். தேய்மானம் என்கிற அந்த ஒரு சொல் செய்யும் கெடுதல் கொஞ்சநஞ்சமில்லை. செருப்பு தேய்வதுபோல முதுகும் தேய்ந்துவிட்டது, இனி அசைத்தால் மிச்சமும் போய்விடும் என்று மனிதர் பயந்துபோகிறார். குடம் தூக்க மறுக்கிறார், நடக்கத் தயங்குகிறார்.

2015-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பை அவரிடம் யாராவது சொல்லியிருந்தால் பாதி வலி அங்கேயே இறங்கியிருக்கும். வலியே இல்லாத 3,110 பேரின் முதுகு ஸ்கேன்களை அமெரிக்க மருத்துவர் பிரின்ஜிக்ஜி குழுவினர் அதில் தொகுத்துப் பார்த்தார்கள். 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு வட்டுத் தேய்வு இருந்தது. 80 வயதில் 96 சதவீதம். வட்டுப் பிதுக்கம் 20 வயதில் 30 சதவீதம், 80 வயதில் 84 சதவீதம். இத்தனை பேருக்கும் முதுகு வலி கிடையாது. நரை எப்படியோ அப்படித்தான் பெரும்பாலான தேய்வும். முதுகு வலிக்காரர்களில் சுமார் 90 சதவீதம் பேருக்கு இன்ன உறுப்பில் இன்ன கோளாறு என்று விரல் வைத்துக் காட்ட முடியாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களுக்கு வலி இல்லை என்பது இதன் அர்த்தமாகாது. வலி நிஜம், படம்தான் அதைக் காட்டாது.

மூன்று மாதத்துக்கு மேல் நிற்கும் வலியை மருத்துவம் 'நாட்பட்ட வலி' என்கிறது. 2022-இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச நோய் வகைப்பாட்டில் அதற்குத் தனி இடமே கொடுத்துவிட்டார்கள். வேறு நோயின் அறிகுறி என்கிற நிலையிலிருந்து தானே ஒரு நோய் என்கிற நிலைக்கு அது வந்துவிட்டது. காரணம் நரம்புகளில் இருக்கிறது. 1965-இல் மெல்சாக், வால் என்ற இரண்டு விஞ்ஞானிகள், அடிபட்ட இடத்திலிருந்து வரும் சேதி நேரே மூளைக்குப் போவதில்லை, தண்டுவடத்தில் ஒரு கதவு இருக்கிறது, அது சேதியைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும் என்றார்கள். முட்டியில் இடித்துக்கொண்டவுடன் அந்த இடத்தைத் தேய்த்துவிடுகிறோமே, அதில் வலி குறைவது இந்தக் கதவின் வேலைதான். அதே வலி மாதக்கணக்கில் வந்துகொண்டே இருந்தால் தண்டுவடத்து நரம்புகள் கூச்சம் பிடித்துப்போகும். பூனை ஓடினாலும் குலைக்கிற காவல் நாயைப்போல, சின்ன அசைவையும் அவை ஆபத்தென்று மூளைக்குச் சொல்லும். தூக்கமின்மை, கடன், மனக்கவலை எல்லாம் அந்தக் குலைப்பைக் கூட்டும். பாவு கைக்கு வராத மாதத்தில் இடுப்பு வலி அதிகமாவது கற்பனை என்று ஒதுக்கவேண்டியதில்லை.

எல்லா வலியும் ஒன்றல்ல என்பதையும் சொல்லவேண்டும். இடுப்பில் கிளம்பி, பிட்டம் வழியாகக் கெண்டைக்காலைத் தாண்டிப் பாதம்வரை மின்னல்போல இறங்கினால், அது நரம்பு நசுங்கிய வலியாக இருக்கலாம். இதிலும் பெரும்பாலானவர்களுக்கு அறுவை இல்லாமல் சில வாரங்களில், சில மாதங்களில் தணிந்துவிடும். ராத்திரியில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மட்டும் மரத்து, கையை உதறினால் சரியாகிறது என்றால் மணிக்கட்டுக்குள் ஒரு நரம்பு நெருக்குப்படுகிறது. பாதம் இரண்டும் எரிகிறது என்றால் மிதியின் மேல் பழியைப் போடுவதற்கு முன் சர்க்கரை பார்க்கவேண்டும். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி தமிழகத்தில் வயதுவந்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. அது நரம்பைக் கெடுக்கும்போது பெரும்பாலும் பாதத்து நரம்புகளைத்தான் முதலில் தொடும். விடிவதற்கு முன்பே தறியில் இறங்கி, வெளிச்சம் குறைந்த அறையில் பகலைக் கழிப்பவருக்கு எலும்பெல்லாம் வலித்தால் வைட்டமின் டி குறைவையும் நினைத்துப் பார்க்கவேண்டும். வெயிலுக்குப் பேர்போன வட ஆற்காட்டில் வெயில் படாத தோல்!

உடனே ஓடவேண்டிய வலிகளும் உண்டு. முதுகு வலியோடு சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போவது, தொடையிடுக்கு மரத்துப்போவது, கால் வலு இழப்பது, விடாத சாயங்காலக் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது. கடைசி இரண்டும் நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோயையும் நினைவூட்டவேண்டும்.

தறியில் உட்காருபவரின் வலி மட்டும்தான் நெசவு வலி என்று நினைத்தால் வீட்டின் பாதியை மறந்துவிட்டோம் என்று பொருள். நாடாவுக்குள் வைக்கும் தாரில் நூல் சுற்றுவது, இழை பிரிப்பது, பாவு புணைப்பது என்று தறிக்கு முன்னும் பின்னும் உள்ள கைவேலை பெரும்பாலும் பெண்களுடையது. 2019-20 அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில் 35.22 லட்சம் பேர் பதிவானார்கள். நெய்பவர்களிலேயே சுமார் 72 சதவீதம் பேர் பெண்கள். ஆயிரக்கணக்கான இழை முனைகளை ஒவ்வொன்றாக விரலால் முறுக்கிச் சேர்க்கும் புணைப்பு வேலைக்குப் பிறகு சமையலும் இருக்கிறது, தண்ணீர்க் குடமும் இருக்கிறது. உலகில் மூட்டுத் தேய்வு உள்ளவர்களில் சுமார் 60 சதவீதம் பெண்கள் என்பதையும் இங்கே சேர்த்துப் படிக்கலாம்.

இந்த இடத்தில் தெலங்கானாவுக்கு ஒரு நடை போய்வருவது நல்லது. ஆலேர் பகுதியில் போச்சம்பள்ளிப் புடவைக்கு 'ஆசு' என்று ஒரு வேலை உண்டு. அரைவட்டமாக நட்ட ஆணிகளைச் சுற்றி நூலைக் கையால் கொண்டுபோய்க் கொண்டுபோய் வைக்கவேண்டும். ஒரு புடவைக்குச் சுமார் 9,000 தடவை கை போய்வரும். நாளைக்கு இரண்டு புடவை என்றால் 18,000. சிந்தகிந்தி மல்லேசம் என்பவரின் தாய் லட்சுமி இதைச் செய்து தோள் வலியில் துடித்தார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட மகன் ஏழு வருஷம் மல்லுக்கட்டி, 1999-இல் ஓர் இயந்திரத்தை உருவாக்கினார். நாலைந்து மணி நேர வேலை ஒன்றரை மணியில் முடிந்தது. இயந்திரத்துக்கு அம்மா பேரையே வைத்தார்: லட்சுமி ஆசு. 2017-இல் மல்லேசத்துக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் தாய்க்கு வேறு தைலம் தேடவில்லை. வலி கொடுத்த கருவியைப் போய்ப் பிடித்தார்.

ஈரானின் கம்பள நெசவாளர்களிடமும் இதையே பார்த்தார்கள். அலிரெசா சூபினே என்ற பணியிட ஆய்வாளர் குழு 9 மாகாணங்களில் 1,439 நெசவாளர்களை விசாரித்தது. ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தோளிலும் குறுக்கிலும் தொந்தரவு. அவர்கள் வைத்த யோசனை ஆசனத்தைப் பற்றியது: உயரமான இருக்கை, முன்பக்கம் லேசாகச் சரிந்த பலகை, முழங்கைக்கு ஏற்ற உயரத்தில் நெசவு. பலகை முன்னால் சரிந்தால் இடுப்பு தானே நிமிரும். ஒரு தச்சருக்கு அரைநாள் வேலை.

மருத்துவம் என்ன சொல்கிறது? 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்பட்ட இடுப்பு வலிக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. உலகம் முழுக்க 2020-இல் 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாக ஒரு மதிப்பீடு. அவ்வளவு பேருக்கும் பயன்படவேண்டிய வழிகாட்டி அது. உடற்பயிற்சி, வலியைப் புரியவைக்கும் ஆலோசனை, மன ஆதரவு ஆகியவற்றை அது முன்னே வைக்கிறது. மருந்துக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும் இடுப்பு பெல்ட்டையும், எடை கட்டி இழுக்கும் சிகிச்சையையும் வழக்கமாகக் கொடுக்கவேண்டாம் என்கிறது. படுத்தே கிடப்பதும் உதவாது.

மருந்துக்கடை என்றதும் இன்னொன்று. சீட்டு இல்லாமல் 'நாலு வலி மாத்திரை' வாங்கி, நாளுக்கு இரண்டாகப் போட்டுத் தறியில் இறங்குகிற பழக்கம் எல்லாத் தொழில் ஊர்களிலும் உண்டு. டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் சில நாளைக்கு நல்ல துணை. மாதக்கணக்கில் போனால் வயிற்றில் புண், சிறுநீரகத்தில் கேடு. பெயர் எழுதாத பொட்டலத்தில் வரும் மாத்திரையில் ஸ்டீராய்டு இருந்தால் வலி மாயமாய் மறையும், பிறகு எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும்.

வசதியான ஊர்களின் மருத்துவக் கையேடுகள் 'ஓய்வெடுங்கள்' என்று எழுதும்போது ஒன்றை மறந்துவிடுகின்றன. நெசவுக் கூலி புடவைக் கணக்கு. இறங்காத நாளுக்குக் கூலி கிடையாது. வாங்கிய முன்பணமோ தறியோடு கட்டிப்போடும். இந்த நிலையில் ஆஸ்பத்திரி நெசவாளரைத் தேடி வந்தால்தான் உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சையும் சேர்ந்திருக்கிறது. கேட்டு வாங்கவேண்டிய சேவை அது.

ஆரணிப் பகுதிக்கு வைத்திய நினைவு ஒன்றும் இருக்கிறது. ஆரணிக்கும் போளூருக்கும் நடுவே திருமலை என்கிற சமணத் தலத்தில், பாறையில் செதுக்கிய நேமிநாதர் சுமார் 16 அடி உயரத்தில் நேராக நிற்கிறார். கீழே உள்ளது குந்தவை ஜினாலயம். ராஜராஜனின் தமக்கையான அதே குந்தவைதான் தஞ்சையில் தன் தந்தை பெயரால் 'சுந்தர சோழ விண்ணகர் ஆதுலசாலை' என்ற மருத்துவமனையும் அமைத்தார். கைகளைத் தொங்கவிட்டு, கழுத்து நிமிர்ந்து, வளையாத முதுகோடு நிற்கும் அந்தத் தீர்த்தங்கரரைப் பார்க்கும் எந்த இயன்முறை மருத்துவருக்கும் தறிக்குழி ஞாபகம் வராமல் இருக்காது.

தறியைத் திருத்த வழி இருக்கிறது. புடவையில் வேலைப்பாடு விழச்செய்யும் ஜக்கார்டு பெட்டியைக் காலால் மிதித்துத் தூக்குவதற்குப் பதிலாக மோட்டார் தூக்கும் அமைப்பு வந்துவிட்டது. மத்திய அரசின் தறி உபகரணத் திட்டத்தில் விலையின் பெரும்பங்கு மானியமாகக் கிடைக்கிறது. காஞ்சிபுரத்து நெசவாளர் சேவை மையத்தில் விசாரிக்கலாம். மழைக்காலத்தில் நீர் ஊறும் குழியை விட்டு, தரைக்கு மேலே நிற்கும் சட்டத்தறிக்கு மாறுவது இன்னொரு வழி. குழியிலிருந்து கால்களை உருவி எழும் சிரமம் அதில் இல்லை. தலைக்கு மேலே தொங்கும் விளக்கை இழையின் மேல் விழும்படி இறக்கினால் கழுத்து அரை அங்குலமாவது நிமிரும்.

காசே வேண்டாத ஒன்றும் தறியிலேயே இருக்கிறது. தார் தீர்ந்தால் எப்படியும் நாடாவை நிறுத்தித்தான் ஆகவேண்டும். பத்துத் தாருக்கு ஒரு தடவை குழியிலிருந்து காலை எடுத்து, எழுந்து, இடுப்பில் கை வைத்துப் பின்னால் ஒரு வளைவு, தோளை நாலு சுற்று, வாசல்வரை ஒரு நடை. இரண்டு நிமிஷம் போகும். அந்நேரம் தார் சுற்றுகிறவரும் ராட்டையை விட்டு எழுந்துகொள்ளலாம்.